துப்பாக்கிக்குள் டிராக்கர் வைத்தால் பாதுகாப்பு கூடுமா?

#1 கம்பியில்லான்

இரண்டு வாரமாக மண்டையைக் குடையும் ஒரு விஷயம். என் அத்தானிடம் உரிமம் வாங்கிய துப்பாக்கிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று வேட்டை ரைஃபிள், இன்னொன்று கைத்துப்பாக்கி. வீட்டில் ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் பிள்ளைகள். போன மாதம் அவர் வெளியூரில் இருந்தபோது பெட்டகத்தைப் பூட்டினோமா இல்லையா என்று திடீரென்று சந்தேகம் வந்து, நடு இரவில் அக்காவை எழுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பூட்டித்தான் இருந்தது. திரும்பி வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்: "சாவிக்கொத்துக்குக்கூட டிராக்கர் மாட்டுகிறாயே, இதற்கு ஒன்று செய்து தர மாட்டாயா?"

லாரிகளுக்கும் படகுகளுக்கும் இடம் காட்டும் கருவி செய்வதுதான் என் பிழைப்பு. அதனால் உடனே ஒரு படம் போட்டுவிட்டேன். ரைஃபிளின் மரக்கட்டைக்குள் சின்னதாக ஒரு குழி, அதில் ஜிபிஎஸ் சில்லு, சிம் மாட்யூல், ஒரு லித்தியம் பேட்டரி. துப்பாக்கி வீட்டை விட்டு நகர்ந்தால் அத்தானின் போனுக்கு அலர்ட். திருடு போனால் வரைபடத்தில் புள்ளி. கைத்துப்பாக்கியில் இதற்கெல்லாம் இடமில்லை, அது பிறகு.

இது வேலைக்கு ஆகுமா? கட்டையைக் குடைவது சட்டப்படி சரியா என்பது அந்தந்த ஊர் விதியைப் பொறுத்தது, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

#2 சட்டைப்பை

எதற்கு இவ்வளவு பாடு? ஆப்பிளின் சின்ன டிராக்கர் வில்லை, அந்த ஏர்டேக்கை உறைக்குள் போட்டுவிட்டால் கதை முடிந்தது. காசு வடிவ பேட்டரி ஒன்றே ஒரு வருஷம் தாங்கும். என் பயணப்பெட்டியில் அதுதான் கிடக்கிறது. விமான நிலையத்தில் இரண்டு முறை தொலைந்து, இரண்டு முறையும் கிடைத்தது.

#3 நிழல்தேடி

> ஒரு ஏர்டேக்கை உறைக்குள் போட்டுவிட்டால் கதை முடிந்தது

பெட்டிக்குச் சரி நண்பரே. திருட்டுக்கு அது உதவாது, காரணம் வேடிக்கையானது. 2021 ஏப்ரலில் ஏர்டேக் வந்ததும் சிலர் அதை அடுத்தவர் பையிலும் காரிலும் ஒளித்துவைத்துப் பின்தொடர ஆரம்பித்தார்கள். அதைத் தடுக்கத்தான் "உங்களுக்குத் தெரியாத டேக் ஒன்று உங்களோடு வருகிறது" என்று போனே எச்சரிக்கும் ஏற்பாடு. 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து அதை ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் பொதுவாக்கின.

இப்போது உங்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை நினைத்துப் பாருங்கள். அவன் போனே அவனிடம் சொல்லிவிடும். தேடி எடுத்துச் சாக்கடையில் வீசிவிட்டு நடையைக் கட்டுவான். அந்த எச்சரிக்கையை நிறுத்து என்று கேட்கவும் முடியாது, அதனால் காப்பாற்றப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தவிர, அதற்குள் ஜிபிஎஸ்ஸே கிடையாது. பக்கத்தில் போகிற போன்கள் அதன் ப்ளூடூத் குரலைக் கேட்டு "இங்கே இருக்கிறது" என்று சேதி அனுப்புகின்றன. ஆள் இல்லாத காட்டில் அது ஊமை.

#4 கம்பியில்லான்

அதனால்தான் நான் சிம் பக்கம் போனேன். ஆனால் அங்கேயும் நிம்மதி இல்லை. ஜிபிஎஸ் சில்லு கேட்க மட்டும்தான் செய்யும், எதையும் அனுப்பாது. இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சன்னமான சமிக்ஞையை, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிடமிருந்து கேட்டுத் தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. அதை உங்களுக்குச் சொல்ல இன்னொரு வானொலி வேண்டும். பழைய 2ஜி மாட்யூல் அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை உறிஞ்சும், நாணய பேட்டரி அங்கேயே படுத்துவிடும். குறைந்த மின்சாரத்தில் சின்னச் சேதி அனுப்பும் புதிய என்பி-ஐஓடி வகை எவ்வளவோ தேவலை.

தூங்கிக்கொண்டிருந்து ஆட்டம் கண்டதும் விழிக்கும்படி செய்யலாம். ஆனால் நீண்ட தூக்கத்துக்குப் பிறகு விழிக்கும் சில்லுக்கு, வானம் திறந்திருந்தாலே அரை நிமிடம் ஆகும். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை முழுதாகச் சொல்லி முடிக்க 30 நொடி எடுத்துக்கொள்கிறது, அவசரப்படுத்த முடியாது. அதற்குள் துப்பாக்கி ஒரு இரும்புப் பெட்டிக்குள்ளோ கார் டிக்கிக்குள்ளோ போய்விட்டால் வானமே இல்லை.

சுடும்போது வரும் அதிர்ச்சியில் சுற்றுப்பலகையின் பற்றவைப்புகள் எத்தனை நாள் நிற்கும் என்பதும் ஒரு கவலை.

#5 கிடங்குக்காவலர்

தம்பி, முப்பது வருஷத்துக்கு மேல் சீருடைப் பணியில் ஆயுதக் கிடங்கு பார்த்தவன் நான். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

ஒரு நாள் மாலை எண்ணிக்கையில் ஒரு ரைஃபிள் குறைந்தது. கிடங்கில் ஒன்று குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. வாசல் மூடப்பட்டது. வரிசை வரிசையாக எண்களைப் படித்து இன்னொருவர் பதிவேட்டில் டிக் அடிக்க, நான்கு மணி நேரம். கடைசியில் அது பழுதுபார்க்கும் மேசையில் எண்ணெய்த் துணிக்கு அடியில் சமர்த்தாகப் படுத்திருந்தது. காலையில் பழுதுக்கு எடுத்தவர் சீட்டு எழுதினார், நான்தான் பதிவேட்டில் ஏற்றவில்லை. அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ரைஃபிளில் ஒரு ஆர்எஃப்ஐடி வில்லை, அதாவது வானொலி அலையில் தன் எண்ணைச் சொல்லும் வில்லை, ஒட்டியிருந்தால் கிடங்கு வாசலைத் தாண்டும்போதே அங்கே பொருத்திய கருவி அதைப் படித்திருக்கும். இரும்பின் மேல் சாதாரண வில்லை சரியாகப் பேசாது, இரும்புக்கென்றே செய்த வகை வேண்டும். மற்றபடி எண்ணுவதற்கு அதைவிட நல்ல சாமான் இல்லை. பேட்டரியும் வேண்டாம்.

ஆனால் களத்துக்குப் போனால் அதே வில்லை காட்டிக்கொடுக்கும். அமெரிக்க ராணுவத்தில் 2010 முதல் 2019 வரை குறைந்தது 1,900 துப்பாக்கிகள் தொலைந்தோ திருடு போயோ இருக்கின்றன என்று அசோசியேட்டட் பிரஸ் 2021இல் தோண்டி எடுத்தது. அதன் பிறகு வில்லை பற்றியும் எழுதினார்கள். விமானப்படைப் பிரிவுகள் சில பயன்படுத்தின, மரைன் படை வேண்டாம் என்றது. எதிரி கையில் ஒரு நல்ல அலைவாங்கி இருந்தால் வில்லை ஒட்டிய ஆள் எங்கே படுத்திருக்கிறான் என்று தெரிந்துவிடுமே என்ற பயம்.

#6 சும்மா_கேட்கிறேன்

எனக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது, தப்பாக இருந்தால் திட்ட வேண்டாம். இடம் தெரிகிறது என்றால், பள்ளிக்கூடம், மருத்துவமனை மாதிரி இடங்களுக்குள் நுழைந்தாலே விசை பூட்டிக்கொள்ளும்படி செய்ய முடியாதா? அது நடந்தால் எவ்வளவு உயிர் பிழைக்கும்!

#7 கம்பியில்லான்

திட்டவே மாட்டோம், எனக்கும் முதலில் தோன்றியதுதான் அது.

திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் இடம் சொல்லும். கட்டடத்துக்குள் நுழைந்ததும் அந்த நம்பிக்கை போய்விடும். நீங்கள் பூட்ட நினைக்கும் இடங்கள் எல்லாமே கட்டடங்கள். சமிக்ஞை கிடைக்காதபோது விசை என்ன செய்ய வேண்டும்? திறந்தே இருக்கட்டும் என்றால் ஒரு அலுமினியத் தாளைச் சுற்றி ஏமாற்றலாம். பூட்டிக்கொள்ளட்டும் என்றால் காவலரின் துப்பாக்கி அடித்தளத்தில் வைத்து வேலை செய்யாது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை.

ட்ரோன்களில் இதைச் செய்து பார்த்தார்கள். தடைப் பகுதிக்குள் பறக்கவே விடாத மென்பொருளை ட்ரோன் செய்யும் டிஜேஐ நிறுவனம் பல வருஷம் வைத்திருந்து, 2025 ஜனவரியில் அமெரிக்காவில் எடுத்துவிட்டது. இப்போது எச்சரிக்கை மட்டும், பொறுப்பு ஓட்டுகிறவருடையது. ட்ரோன் வானத்தில்தான் பறக்கிறது, ஜிபிஎஸ் நன்றாகவே கிடைக்கும். அங்கேயே இந்த நிலை.

#8 காட்டுவழி

விசையைத் தடுக்கும் மின்னணு எதையும் நான் தொட மாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்மாட்டிக்ஸ் ஐபி1 கதை ஞாபகம் இருக்கிறதா? கையில் கட்டிய கடிகாரம் பக்கத்தில் இருந்தால்தான் சுடும் என்று 2014இல் விற்க வந்த .22 கைத்துப்பாக்கி. 2017இல் ஒரு ஹேக்கர் சில காந்தங்களைப் பக்கவாட்டில் வைத்துக் கடிகாரமே இல்லாமல் சுட்டுக் காட்டினார். அலைவரிசையைக் குழப்பி, கடிகாரம் கட்டியவரையும் சுட முடியாமல் செய்தார். இரண்டு பக்கமும் தோல்வி.

ஆனால் இடம் தெரிவதால் உயிர் பிழைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேட்டையில் நாய்க் கழுத்துக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டுவோம். சிம் கிடையாது, விஎச்எஃப் என்ற வானொலி அலையில் நேரடியாகக் கைக்கருவிக்குச் சேதி வரும், டவர் இல்லாத காட்டிலும் வேலை செய்யும். அதே கைக்கருவி கூட வந்திருக்கும் ஆட்களின் இடத்தையும் காட்டும். ஒருமுறை மூடுபனியில் புதர் அசைந்தது, காட்டுப்பன்றி என்றே நினைத்தேன். துப்பாக்கியைத் தூக்குமுன் பழக்கத்தில் திரையைப் பார்த்தேன். அந்தத் திசையில் என் கூட்டாளியின் அடையாளம். அவர் இருக்க வேண்டிய இடமே அதுவல்ல, வழி தப்பி வந்திருக்கிறார். அன்று முழுக்க நான் ஒரு தோட்டாகூடப் போடவில்லை, கை ஒத்துழைக்கவில்லை.

இலக்கை அடையாளம் தெரியாமல் சுடாதே என்பது பழைய விதி, அதற்கு இது மாற்று இல்லை. பட்டை தாமதமாகவும் சொல்லும், பள்ளத்தாக்கில் சொல்லாமலும் விடும். ஆனால் நான் சொல்ல வருவது, அங்கே துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை, அது என் கையில் இருக்கிறது. ஆள் எங்கே என்பதுதான் தெரிய வேண்டும்.

#9 சட்டைப்பை

சரி, ஏர்டேக்கை விட்டுவிடுகிறேன். ஆனால் திருட்டை இவ்வளவு சுலபமாகத் தள்ளாதீர்கள். காரில் வைத்துவிட்டுப் போவதுதான் பெரிய ஓட்டை. 2015இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு அரசு அதிகாரியின் கைத்துப்பாக்கி காரிலிருந்து திருடு போய், நான்காவது நாள் அதே துப்பாக்கியிலிருந்து வந்த குண்டில் படகுத்துறையில் இருந்த ஒரு பெண் இறந்துபோனார். அதற்குள் ஒரு டிராக்கர் இருந்திருந்தால்?

#10 கம்பியில்லான்

நான்கு நாள் என்பது நீண்ட அவகாசம், உண்மைதான். பேட்டரி இருந்து, வானம் தெரிந்து, திருடியவன் கழற்றிப் போடாமல் இருந்தால் கிடைத்திருக்கலாம். மூன்று "இருந்தால்". ஆனால் கார் கண்ணாடி உடைந்த நிமிடமே, துப்பாக்கிப் பெட்டி அசைந்த நிமிடமே ஒரு அலர்ட் வந்திருந்தால் இந்த மூன்றும் தேவைப்பட்டிருக்காது.

எழுதும்போதுதான் உறைக்கிறது, நான் தவறான கேள்வியோடு வந்திருக்கிறேனோ?

#11 மருந்துச்சீட்டு

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர்.

எல்லோரும் திருடனையே நினைக்கிறீர்கள். எங்களிடம் வருகிறவர்களில் திருட்டுத் துப்பாக்கி பெரும்பாலும் இல்லை. வீட்டுத் துப்பாக்கி, வீட்டு ஆள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையக் கணக்கில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தம் உயிரைத் தாமே எடுத்துக்கொண்டவர்கள். பாதிக்கு மேல். அந்த மரணங்களிலும், குழந்தை கையில் வெடித்த மரணங்களிலும் துப்பாக்கி பெரும்பாலும் வீட்டை விட்டு ஒரு அடிகூட நகர்ந்திருக்காது. உங்கள் வரைபடத்தில் அந்தப் புள்ளி அப்படியே வீட்டின் மேலேயே இருக்கும், எல்லாம் நல்லபடியாக இருப்பது மாதிரி.

ஒரு அம்மா வந்தார். மகனுக்கு ஒன்பது வயது, பிழைத்துக்கொண்டான், ஒரு கண் போய்விட்டது. அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "அலமாரி திறந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை." அந்த அம்மாவுக்கு அட்சரேகை தீர்க்கரேகை எதற்கு? அலமாரி திறக்கிறது என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மனம் உடைந்திருக்கும் ஆளுக்கும் அப்படித்தான். அந்த நெருக்கடி பல பேருக்குச் சில நிமிடங்களிலோ மணிகளிலோ தணியும். அந்த நேரத்தைக் கடக்க ஒரு பூட்டு உதவும், கதவைத் தட்டிப் பேச வரும் ஒரு ஆள் உதவுவார். அதைவிட, அந்த நாட்களில் துப்பாக்கியை வேறு ஒருவர் பொறுப்பில் கொடுத்துவைப்பது நல்லது.

#12 நிழல்தேடி

செவிலியர் அக்கா எழுதியதற்குப் பிறகு என் தனியுரிமைப் புராணம் சின்னதாகத் தெரிகிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

துப்பாக்கியின் இடம் என்பது ஒரு வீட்டின் இடம். அந்தப் பட்டியல் வெளியே கசிந்தால், எந்தெந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, எந்த வீட்டுத் துப்பாக்கி வெளியே போயிருக்கிறது, அதாவது யார் வீட்டில் இல்லை என்பது திருடனுக்கு வரைபடமாகக் கிடைக்கும். ஓட்டப்பயிற்சியைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியை மறக்க வேண்டாம். ஓடுகிறவர்களின் பாதைகளைப் பெயர் இல்லாமல் ஒன்றாகச் சேர்த்து ஒரு வெப்ப வரைபடம் வெளியிட்டார்கள். 2018 ஜனவரியில் பார்த்தால், பாலைவன இருட்டில் ராணுவ முகாம்களின் சுற்றுச்சுவர் ஒளிர்ந்தது. பெயரை எடுத்துவிட்டோம் என்ற சமாதானத்தின் கதி அதுதான்.

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மத்திய அரசு துப்பாக்கிப் பதிவேடு வைப்பதையே தடுக்கிறது. பெயர்ப் பட்டியலுக்கே அவ்வளவு எதிர்ப்பு இருக்கும் இடத்தில் நிமிடத்துக்கு நிமிடம் இடம் காட்டும் கருவியை யார் வாங்குவார்கள்? 2023இல் அறிமுகமான பயோஃபயர் ஸ்மார்ட் துப்பாக்கியைப் பாருங்கள். விரல் ரேகை படிக்கிறது, முகம் பார்க்கிறது. ஆனால் உள்ளே ஜிபிஎஸ், வைஃபை, ப்ளூடூத் எதுவும் இல்லை என்று அவர்களே முன்வந்து சொல்கிறார்கள். செய்யத் தெரியாமல் விடவில்லை.

அதனால் கம்பியில்லான் அவர்களே, எதைச் செய்தாலும் செய்தி வீட்டுக்குள்ளேயே சுற்றட்டும். யாருடைய சர்வருக்கும் போக வேண்டாம்.

#13 சும்மா_கேட்கிறேன்

போலீஸ்காரர்கள் உறையிலிருந்து எடுத்தாலே கேமரா ஓட ஆரம்பிக்கும் என்று எங்கோ படித்தேன். அதுவும் இந்த வகைதானா?

#14 கிடங்குக்காவலர்

ஆமாம், ஆக்ஸான் நிறுவனத்தின் உறை உணரி. துப்பாக்கி உறையை விட்டு வந்ததும் சுற்றி ஒன்பது மீட்டர் அளவில் இருக்கும் அவர்களுடைய கேமராக்கள் பதிவைத் தொடங்கும். கவனித்தீர்களா, உணரி உறையில் இருக்கிறது, துப்பாக்கியில் இல்லை. துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். அதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

கம்பியில்லான் தம்பிக்கு ஒரு வார்த்தை. அலர்ட்டைக் கண்டபடி அடிக்கவிடாதீர்கள். கிடங்கில் அதிர்வு மணி ஒன்று வைத்தார்கள், லாரி போனால்கூட அடிக்கும். இரண்டாவது வாரம் யாரோ அதன் வாயில் துணியை அடைத்துவிட்டார்கள். யார் என்று சொல்ல மாட்டேன்.

#15 கம்பியில்லான்

(துணி அடைத்தது நீங்கள்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது ஐயா.)

படத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறேன். துப்பாக்கியில் ஒரு திருகாணிகூடக் கழற்றப் போவதில்லை. எல்லாம் பெட்டகத்தில்.

கதவில் ஒரு காந்த உணரி. உள்ளே துப்பாக்கி நிற்கும் தாங்கியின் அடியில் எடை உணரி, ஒவ்வொன்றுக்கும் தனி. கதவு திறந்தது ஒரு செய்தி, துப்பாக்கி எழுந்தது இன்னொரு செய்தி, கதவு இரண்டு நிமிடத்துக்கு மேல் திறந்தே கிடந்தால் மூன்றாவது. பெட்டகத்தின் இரும்புச் சுவர் வானொலியை விழுங்கிவிடும் என்பதால் கம்பியை வெளியே இழுத்து, பேசும் பகுதியைப் பின்பக்கம் ஒட்டுகிறேன். செய்தி வீட்டு ரௌட்டர் வழியாக வீட்டில் இருக்கும் சின்ன கணினிக்கு, அங்கிருந்து இரண்டு போன்களுக்கு, இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய வடிவில். ஜிபிஎஸ் காரில் துப்பாக்கியை வைக்கும் சின்னப் பெட்டியில் மட்டும் இருக்கும், அதுவும் பெட்டி அசைந்தால்தான் விழிக்கும்.

அத்தானிடம் காட்டினேன். "அப்போ வரைபடத்தில் புள்ளி இல்லையா?" என்று முகத்தைத் தொங்கப் போட்டார். அக்காதான் கேட்டாள், "புள்ளியைப் பார்த்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது?"

#16 மருந்துச்சீட்டு

அந்த இரண்டு போன்கள் யாருடையவை?

#17 கம்பியில்லான்

அத்தான், அக்கா.

#18 மருந்துச்சீட்டு

மூன்றாவதாக வீட்டுக்கு வெளியே ஒருவர் இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் வந்து சேரக்கூடிய ஆள். பெட்டகத்தைத் திறப்பது உங்கள் அத்தானாகவோ அக்காவாகவோ இருக்கும் ஒரு நாள் வரலாம். வர வேண்டாம், ஆனால் வரலாம். அதை அவர்கள் இருவரிடமும் இப்போதே, எல்லோரும் நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். சம்மதம் இல்லாமல் சேர்த்தால் நிழல்தேடி சொன்ன உளவுதான் அது.

தோட்டாக்கள் வேறு பூட்டில் இருக்கின்றன இல்லையா?

#19 கம்பியில்லான்

இருந்தன என்று நினைத்தேன். கேட்டதும் போய்ப் பார்த்தோம். வேறு பெட்டிதான், ஆனால் சாவி பெட்டகத்தின் மேலேயே ஆணியில் தொங்கியது. பதினொரு வயதுக்காரனுக்கு நாற்காலி போட்டால் எட்டும். அன்றே எண் பூட்டாக மாற்றியாயிற்று. என் சுற்றுப்பலகை இன்னும் மேசையிலேயே கிடக்கிறது.

மூன்றாவது ஆளைப் பற்றி இருவரிடமும் பேசினேன். அத்தான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "உன் நம்பரையே போடு" என்றார். நான் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறேன், ஐந்து இல்லை. அக்காவின் தோழி ஒருவர் எதிர்வீட்டில் இருக்கிறார், அவரையும் கேட்கப் போகிறார்கள்.

#20 காட்டுவழி

எடை உணரி குளிரில் அளவு மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். என் நாய் உணவுத் தட்டுக்கு ஒன்று வைத்து, குளிர்காலம் முழுக்க நாய் சாப்பிட்டதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. வெப்பநிலையையும் சேர்த்து அளந்து கழித்துவிட்டால் சரியாகும். பேட்டரி குறைவதையும் முதல் நாளிலிருந்தே அலர்ட்டாக வையுங்கள், உணரி செத்துக் கிடந்தாலும் "எல்லாம் அமைதி" என்றுதான் திரையில் தெரியும்.